நாயின் என்றொரு ஊர்

"என்ன ஊர்?" என்றேன்.
"நாயின்" என்றான்.
நாயின் எது? வாலா, குரைப்பா?
முகாமில் அன்றைக்குத்தான் முதன்முதல் சிரித்தேன்.
விளங்கப்படுத்திய பிறகு அவனும் சிரித்தான், சியாமக்,
ஈரானில் பாலை ஓரத்துப் பழைய சின்ன ஊர்க்காரன்.
அதற்குப் பிறகு நாலு வருடம்
மேல்கட்டிலில் அவன், கீழே நான்.

ஆறில்லாத ஊராம்.
எங்கடையும் அப்படித்தான் என்றேன்.
மலையடியிலிருந்து நிலத்துக்குக் கீழே
வாய்க்கால் குடைந்து கொண்டுவந்தார்களாம்,
வெயில் கண்டால் குடித்துவிடும் என்று.
அந்த இருட்டுத் தண்ணீரில் மாவரைத்ததாம் ஓர் ஆலை.
நான் நிலாவரையைச் சொன்னேன், அடி காணாத கிணறென்று.
"கயிறு விட்டுப் பார்த்தீர்களா?"
தண்ணீர் விஷயத்தில்
ஒருத்தரையும் நம்பமாட்டான்.

மசூதித் தூணில் சாந்தால் படரவிட்ட திராட்சைக்கொடி
ஆயிரம் வருடமாய்ப் பழுக்காமல் நிற்கிறது.
அதைவிட மூத்தது அவன் தாயின் பேச்சு,
நெருப்பைக் கும்பிட்ட காலத்தின் மிச்சம்.
தலைநகரத்துக்காரனுக்கு விளங்காது.
வகுப்பில் வாய் தவறி வந்தால் வாத்தியார் சிரிப்பார்.
அடித்திருந்தால் ஞாபகம் நின்றிருக்கும் என்பான்.

கச்சேரி, ரசீது, சராசரி, சிபாரிசு:
என் வாயிலிருந்து விழ விழப் பொறுக்கினான்.
"எல்லாம் எங்களுடையது!"
பிறகு கட்டில் கம்பியைத் தட்டிக்கொண்டு
"இல்லை, பெரிய மொழியுடையது.
குதிரையிலும் வரிக்கணக்கிலும் ஏறி வந்தது.
என் அம்மாவின் சொல் ஒன்றுகூட
உங்கள் பக்கம் வந்திராது. அதற்குக் குதிரை இல்லை."

அன்றிரவு ஒரு கொப்பி எடுத்தேன், எண்பது பக்கம்.
அவன் சொல்ல நான் எழுதினேன்
தமிழெழுத்தில். வேறெது எனக்குத் தெரியும்?
தொண்டையில் உரசியதற்கெல்லாம் ஃ போட்டேன்.
அஃது, எஃகு என்று
பள்ளிக்கூடத்தில் சும்மா குந்தியிருந்த எழுத்து
அங்கே இரவுபகலாய் உழைத்தது.
நூற்றுப்பன்னிரண்டு சொல்.
நூற்றுப்பதின்மூன்றாவதை நித்திரையில் கத்தினான்.
விடிந்ததும் கேட்டேன்.
"மணற்காற்று கிளம்பினால் அம்மா சொல்வாள்,
கதவைச் சாத்து என்று."
அந்த முகாமில் எந்தக் கதவுக்கும்
உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லை.

அவனுக்கு விசா கிடைத்தது. என்னை விமானத்தில் ஏற்றினார்கள்.
இப்போது பிரதேச சபைப் பவுசர் ஓடுகிறேன்,
கோண்டாவிலில் நிரப்பி, பொன்னாலைப் பாலம் கடந்து
காரைநகர் உவருக்கு.

நேற்று ஒரு குரல்செய்தி, ஆறு வருடத்துக்குப் பிறகு.
மகளுக்கு ஐந்து வயதாம்.
உன் அம்மா எப்படிச் சொல்லிக் கதவைச் சாத்தச் சொல்லுவா
என்று கேட்கிறாளாம்.
"வருகுதில்லை, மச்சான்" (அது மட்டும் தமிழில்).
"நாக்கு நுனியில்கூட இல்லை. உன்னிடம் இருக்கிறதா?"

இருக்கைக்கு அடியில், ரசீதுப் புத்தகங்களோடு,
பின்மட்டையில் டீசல் ஊறிக் கிடந்தது கொப்பி.
என் கையெழுத்துத்தான். வாசிக்கலாம்.
சரியாகச் சொல்கிறேனா என்று சொல்ல
இந்தக் குடாநாட்டில் ஒருத்தருமில்லை.
பவுசரை ஓரங்கட்டினேன்.
சோளகம் கண்ணாடியில் மண்ணை வாரி அடித்தது.
மூன்று தரம் சொல்லிப் பார்த்தேன்.
நாலாந்தரம் அனுப்பினேன், அவன் நித்திரையில் கத்தியதுபோலவே,
கத்தி.

சொல்லை இங்கே எழுதமாட்டேன்.
அது அந்தப் பிள்ளைக்கு.

குடங்களோடு நின்ற பூரணவதியக்கா கேட்டா:
"ஆரோட சண்டை பிடிக்கிறாய்?"
"சண்டையில்லையக்கா. படலையைச் சாத்தச் சொன்னனான்."
அவ திரும்பிப் பார்த்தா.
அவவின் படலைதான் காற்றில் அடித்துக்கொண்டு கிடந்தது.
குடத்தை வைத்துவிட்டுப் போய்ச்
சாத்திவிட்டு வந்தா.